ஒளிரும் பொருளும் காவிரிநாட்டு வயலும்

கண்ணுக்குப் புலனாகும் தீங்கை விலக்குதல் எளிது. புலனாகாத தீங்கை விலக்குதல் அரிது. வரப்பு உடைந்தால் மண்ணிட்டு அடைக்கின்றோம். பயிரிற் புகையான் விழுந்தால் வயலின் நிறங்கண்டே அறிகின்றோம். ஆனால் வாய்க்கால் நீரோடு கலந்துவரும் நஞ்சும், மழையில் நனைந்த நெல்லிற் படரும் பூஞ்சையின் நஞ்சும், நிறமும் மணமுமின்றி நம் உண்கலத்தில் வந்து சேர்கின்றன. இத்தகைய நுண்ணிய பொருள்களைக் கண்டறிதற்கு இரசாயன சாஸ்திரம் இக்காலத்து வகுத்துவரும் வழிகளுட் சிறந்த ஒன்று, ஒளிரும் கரிமப் பொருள்களைக் கொண்டு சோதித்தலாகும். அவ்வழி எத்தகையது என்பதையும், தஞ்சையைச் சூழ்ந்த கல்லூரிகளில் அஃது எந்நோக்கத்தோடு பயிலப்படவேண்டும் என்பதையும் குறித்து நாம் கொண்ட கருத்தை, நம் மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணாக்கர்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நிறமாற்றங்கொண்டு பொருளை அறியும் முறை நம் நாட்டார்க்குப் புதிதன்று. மணமக்களுக்கு ஆலத்தி சுற்றுதற்பொருட்டு நம் தாய்மார் மஞ்சள்நீரிற் சிறிது சுண்ணாம்பைக் கரைக்கின்றனர். கரைத்த மாத்திரத்தில் நீர் செந்நிறம் அடைகின்றது. சுண்ணாம்பின் காரத்தன்மையை மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் காட்டிக்கொடுக்கின்றது என்பதே இதன் உண்மை. இம்மஞ்சளுக்கு வேறொரு குணமும் உண்டு. சிறிது மஞ்சட்பொடியை ஆல்கஹாலிற் கரைத்து, இருண்ட அறையில் வைத்து, கடைக்காரர் ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருக்கும் புறஊதாக் கதிர் விளக்கை அதன்மேற் காட்டினால், பசுமை கலந்த மஞ்சளொளி அத்திரவத்தினின்றும் எழக் காணலாம். விளக்கின் கட்புலனாகாத கதிரை வாங்கி, கட்புலனாகும் ஒளியாக மாற்றி அஃது உமிழ்கின்றது. ஆனால் அதே மஞ்சளைத் தண்ணீரிற் கலக்கினால் அவ்வொளி பெரிதும் மங்கிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் வைப்பாராக. நம் கருத்துக்கு இது பின்னர்ப் பயன்படும்.

மேனாட்டில் இவ்வொளிர்வை ஆராய்ந்தோருள் முற்பட்டவர் ஜான் ஹெர்ஷல் ஆவர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாக் கரைசலின் மேற்புறத்தில் நீலவொளி தோன்றுவதை அவர் 1845-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1852-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்பார் அதன் காரணத்தை விளக்கினார். ஒளிரும் பொருளின் மூலக்கூறு வலிய கதிரை உட்கொள்ளும்போது அதன் எலெக்ட்ரான் ஒன்று உயர்ந்த நிலைக்கு ஏறுகின்றது. ஏறிய எலெக்ட்ரான் அங்கே நெடும்பொழுது தங்க இயலாமல், பெற்ற ஆற்றலிற் சிறிதை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஒளியாக விடுத்து, மீண்டும் கீழே இறங்குகின்றது. உமிழும் ஒளி உண்ட ஒளியினும் ஆற்றல் குறைந்து, நிறம் மாறித் தோன்றுவதன் காரணம் இதுவே.

இக்கொயினாக் கரைசலிற் சிறிது சமையலுப்பைப் போட்டால் நீலவொளி மங்கும். உப்பிலுள்ள குளோரைடு, மேலேறிய எலெக்ட்ரான் ஒளிவிடுமுன்னரே அதன் ஆற்றலைப் போக்கிவிடுகின்றது. எவ்வளவு உப்போ அவ்வளவு மங்கல். எனவே ஒளியின் அளவைக் கொண்டு உப்பின் அளவை அறியலாம். வேதாரணியம், நாகப்பட்டினம் முதலிய கடற்கரைப் பக்கங்களிற் கிணறுகள் உவர்ப்பாவதை, அதிலும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வயல்களில் உப்புப் படிந்ததை அறிந்த நம்மவர்க்கு இச்சோதனையின் பொருள் எளிதில் விளங்கும். உப்பை அளக்க இதனினும் எளிய முறைகள் பல உண்டு; ஒளி ஒரு பொருளின் வரவை எங்ஙனம் அறிவிக்கும் என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

கைபேசித் திரைகளிலும் தொலைக்காட்சிகளிலும் இன்று ஒளிவிடும் ஓ.எல்.இ.டி. என்னும் மெல்லிய கரிமப் படலங்கள் இரசாயனச் சோதனைக்கு மிகவும் நெருங்கிய உறவுடையன என்பதைப் பலர் அறியார். எட்டு-ஹைட்ராக்ஸி-குயினோலின் என்னும் கரிமப் பொருள், கொயினாவோடு ஒரே கட்டமைப்பைப் பங்கிடும் பொருளாகும். அது தனித்திருக்கும்போது ஒளி மிகக் குறைவு. அலுமினியமோ துத்தநாகமோ அதனோடு சேர்ந்தால் பளிச்சென்று ஒளிரும். ஆதலின் உலோகங்களைப் பகுத்தறியும் இரசாயனிகள் நெடுங்காலமாக அதனைக் கையாண்டு வந்தனர். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சிங் டாங், வான் ஸ்லைக் என்னும் இருவரும் இதே பொருளும் அலுமினியமும் சேர்ந்த கூட்டுப்பொருளை மெல்லிய படலமாக்கி, மின்சாரஞ் செலுத்திப் பச்சையொளி பெற்றனர். இன்றைய ஒளிர்திரைகளின் வளர்ச்சி அதனினின்றே கிளைத்தது. சோதனைச்சாலையில் உலோகத்தைக் காட்டிக்கொடுத்த பொருளே விளக்காகவும் ஆயிற்று. துத்தநாகக் குறையால் நெற்பயிர் வாடாமலிருக்க ஏக்கர்தோறும் ஜிங்க் சல்பேட் இடும் நம் உழவர்க்கும் இப்பொருளுக்கும் உறவு இல்லையென்று யார் சொல்ல வல்லார்?

ஒளிர்வு எத்துணை நுட்பமான சான்று என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். காவிரிக்கரையிலுள்ள திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டில் தோன்றிய ஸர் சி. வி. இராமன் கல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, அவர்தம் மாணாக்கராகிய கே. ஆர். இராமநாதன் 1923-ஆம் ஆண்டில் தூய நீரிலும் ஒரு மெல்லொளி தோன்றக் கண்டார். நீரிற் கலந்த ஏதோ ஒரு சிறு மாசின் ஒளிர்வே அது என்பது அவர்கள் கொண்ட முதல் ஐயம். மீண்டும் மீண்டும் தூய்மை செய்தும் அவ்வொளி நீங்கவில்லை. இறுதியில், கே. எஸ். கிருஷ்ணனுடன் கூடி ஆராய்ந்து, அஃது ஒளிர்வன்று, வேறொரு விளைவென்று 28-2-1928 அன்று இராமன் துணிந்தார். மாசு என்னும் ஐயம் அவ்வறிஞர்க்கு எழுந்தமையே நாம் கருதவேண்டுவது. தராசுக்கு அகப்படாத மாசும் ஒளியால் வெளிப்படும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தமையாலன்றோ ஆண்டுக்கணக்கில் அத்திரவங்களை வடித்துத் தூய்மை செய்தனர்? இக்கிருஷ்ணன் வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதில் இரசாயன உதவியாசிரியராகவும் இருந்தவர் என்பதை மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் மகிழ்ச்சியோடு நினைத்தல் தகும்.

இயற்கையில் அமைந்த ஒளிர்வைக் கண்டு வியந்த காலம் சென்று, வேண்டிய ஒளிர்வை நாமே வகுத்தமைக்கும் காலம் வந்தது. இக்கலையிற் பெயர்பெற்றவருள் ஒருவர், கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பயின்று, பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய பிரசன்ன டி சில்வா ஆவர். அவர் கையாண்ட அமைப்பை இங்ஙனம் கூறலாம்: மூலக்கூற்றின் ஒருபுறம் விளக்கு, மறுபுறம் கை, இரண்டையும் சேர்க்கும் சிறு தண்டு இடையே. கை வெறுங்கையாக இருக்கும்போது அஃது ஓர் எலெக்ட்ரானை விளக்கின்மேல் வீசி அதனை அணைத்துவிடும். நாம் தேடும் பொருள் கையில் வந்து அமர்ந்தால், கைக்கு வீச இயலாது. விளக்கு எரியத் தொடங்கும். கையின் அளவையும் வடிவையும் மாற்றினால், சோடியத்திற்கு ஒரு விளக்கும் பொட்டாசியத்திற்கு ஒரு விளக்கும் பெறலாம். இத்தகைய பொருள்களைக் கொண்டு நோயாளியின் குருதியில் உப்புகளை விரைந்து அளக்கும் கருவிகள் மருத்துவமனைகளில் வழங்குகின்றன. பயன்படாத வேடிக்கை என்று இதனைத் தள்ளுவார்க்கு அதுவே தக்க விடையாகும்.

இதனினும் நுட்பமான அமைப்பொன்றை அமெரிக்க இரசாயனியாகிய திமத்தி ஸ்வேகர் வகுத்தார். 1995-ஆம் ஆண்டில் அதன் தத்துவத்தையும், 1998-ஆம் ஆண்டில் டி.என்.டி. என்னும் வெடிமருந்தின் ஆவியை அதனால் அறியும் முறையையும் அவரும் அவர்தம் மாணாக்கரும் வெளியிட்டனர். அதனை நம் வாய்க்காலைக் கொண்டே விளக்கலாம். நூறு மதகுகளைக் கடந்து கடைமடைக்கு நீர் செல்கின்றது என்று கொள்வோம். அந்நூற்றில் ஏதேனும் ஒரு மதகு உடைந்தாலும் நீர் அவ்விடத்தே வழிந்துபோகும், கடைமடை வறளும். நூறு மதகையும் தனித்தனியே பார்க்கவேண்டுவதில்லை. கடைமடையில் நிற்பவனே உடைப்பை அறிவான். ஸ்வேகரின் நெடிய பாலிமர்ச் சங்கிலியில் ஒளியாற்றல் வாய்க்கால் நீர்போல ஓடுகின்றது. சங்கிலியில் ஏதேனும் ஓரிடத்தில் வெடிமருந்தின் ஒரு மூலக்கூறு ஒட்டினாலும் ஆற்றல் அங்கே வீணாக, சங்கிலியில் நெடுந்தூரம் ஒளி அவிகின்றது. புதைத்த கண்ணிவெடியை மோப்பம் பிடிப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஈழத்து வன்னி நிலத்தில், 2009-ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்த பின்னும் கண்ணிவெடி அகற்றாமல் வயலில் ஏர் பூட்ட அஞ்சிய உழவரை நினைப்பார்க்கு இந்நோக்கத்தின் அருமை விளங்கும்.

நிற்க. இக்கலை இத்துணை வளர்ந்திருக்க, அது நம் காவிரிநாட்டுக்குச் செய்யவேண்டுவது யாது? தஞ்சையும் திருவாரூரும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் ஆற்றின் கடைமடையில் இருப்பவை. மேட்டூர் அணையினின்று விடும் நீர் கல்லணையை அடைந்து, காவிரியும் வெண்ணாறும் புதுவாய்க்காலுமாகப் பிரிந்து நம் வயலை அடையுமுன், பவானியும் நொய்யலும் அமராவதியும் அதனோடு கலக்கின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கெட்டதும், அதுபற்றி நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் அப்பட்டறைகளை மூடுமாறு பணித்ததும் யாவரும் அறிந்தவை. மேலே இருப்பவர் ஆற்றில் விடுவது கீழே இருப்பவர் வயலில் வந்து படியும். அதனை முதலிற் பெறுபவர் நாம் அல்லேம். இறுதியிற் பெறுபவர் நாமே. கடைமடையான் உடைப்பை அறிவான் என்று மேலே கூறினோம். ஆனால் நீரின் குறைவை அறியும் நம் உழவன், நீரினுள் இருப்பதை அறிய இன்று வழியற்றவனாக இருக்கின்றான்.

நெல்லின் நிலையையும் நோக்குவோம். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதுவது நம் நாட்டில் ஆண்டுதோறும் நிகழ்வது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்பது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் அரசினர் அதனைத் தளர்த்துவதும் உண்டு. இதற்கிடையே நெற்குவியல்கள் தார்ப்பாயின்கீழ்ப் புழுங்கிக் கிடக்கின்றன. ஈரமும் வெப்பமும் கூடிய இடத்தில் வளரும் அஸ்பெர்ஜிலஸ் என்னும் பூஞ்சை இனத்துட் சில, அஃப்ளடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றின் தீனியாகிய வேர்க்கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு முதன்முதல் கண்டறியப்பட்டது. புறஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்வது பி என்றும், பச்சையாக ஒளிர்வது ஜி என்றும் அந்நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளால் அதன் வகைகள் பெயர்பெற்றன. அந்நஞ்சு ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாவது. நெல்லில் அது கடலையிலும் மக்காச்சோளத்திலும் காண்பதைவிடக் குறைவே. எனினும் நனைந்து புழுங்கிய நெல்லுக்கு அதனினின்றும் விலக்கு இல்லை.

இந்நஞ்சு தானியத்திற் கிலோ ஒன்றுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வளவு எத்துணைச் சிறிது என்பதை மாணாக்கர் கணக்கிட்டுப் பார்ப்பாராக. ஒரு டன்னுக்கு 15 மில்லிகிராம் ஆகும். 40 கிலோ மூட்டைகள் 25 சேர்ந்தால் ஒரு டன். 15 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ ஒரே ஓர் அரிசிமணியின் எடை. இருபத்தைந்து மூட்டைக்குள் ஓர் அரிசிமணி எடையுள்ள நஞ்சைத் தேடும் வேலை இது! ஒளியையன்றி வேறு எளிய துணை இதற்கு எது?

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கையுங் கூறவேண்டியுள்ளது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைப் புறஊதா விளக்கிற் காட்டினால் பசுமஞ்சள் ஒளி ஒன்று தோன்றும். அதனை அந்நஞ்சின் ஒளி என்று கருதுவார் பலர். உண்மை அதுவன்று, அப்பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் என்னும் வேறொரு பொருள் மாறுதலுற்று அங்ஙனம் ஒளிர்கின்றது. பூஞ்சை இருப்பதை அவ்வொளி கூறும். நஞ்சு இருப்பதைக் கூறாது. ஒளி தோன்றியும் நஞ்சில்லாத தானியம் உண்டு. ஒளி தோன்றாமல் நஞ்சுள்ள தானியமும் உண்டு. ஆகவே மிகச் சிறியதையும் காணும் கூர்மை மட்டும் போதாது. ஒன்றை மற்றொன்றாக எண்ணாத தெளிவும் வேண்டும். கூர்மையை நுண்ணுணர்வு என்றும், தெளிவைத் தேர்ந்தறிதல் என்றும் கூறுவோம். நுண்ணுணர்வில் மட்டும் மிக்க உணரி, எவர் வரினுங் குரைக்கும் நாயை ஒக்கும். கள்வன் வந்தபோதும் வீட்டார் எழுந்து பாரார்.

நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. ஒளிரும் பொருள்களை அமைக்கும் ஆராய்ச்சி இன்று நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நடைபெறுகின்றது. ஆய்வுக்கட்டுரைகளும் மிகுதியாக வெளிவருகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை புதிய மூலக்கூற்றை வடித்திறக்கிய நீரிலோ, அசெட்டோநைட்ரைல் போன்ற கரிமத் திரவத்திலோ கரைத்து, தேடும் பொருளையும் தாமே அதிற் சேர்த்து, எத்துணைச் சிறிய அளவு புலப்பட்டது என்னும் எண்ணைப் பெருமையோடு வெளியிடுகின்றன. அவ்வெண் பொய்யன்று; ஆனால் அவ்வெண் வாய்க்காலுக்கு உரியதன்று. ஆல்கஹாலில் ஒளிரும் மஞ்சள் தண்ணீரில் மங்குவதை முன்னர்க் கண்டோம். குடுவையில் ஒளிரும் பொருளெல்லாம் காவிரியில் ஒளிரா.

காவிரி நீரில் வண்டல் உண்டு. இலைதழை மக்கிய ஹ்யூமிக் பொருள்கள் உண்டு. இவை தாமே புறஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்பவை. ஆதலின் நீலவொளி விடும் உணரி அங்கே தன் ஒளியைப் பிறரொளியில் இழக்கும். செவ்வொளி விடும் உணரியே தக்கது. நம் மண்ணில் இரும்பு உண்டு. சில மருந்துகளால் செம்பும் சேர்கின்றது. இவ்விரண்டும் பல ஒளிர்பொருள்களை வீணே அணைப்பவை. எனவே பொருள் வந்தால் அவியும் உணரியைவிட, பொருள் வந்தால் எரியும் உணரி நம்பத் தக்கது. விளக்கு அவிதற்குக் காற்றும் காரணமாகலாம், எண்ணெய் வற்றுதலுங் காரணமாகலாம். திரியிற் சுடர் ஏறுவதற்கோ ஏற்றுவார் ஒருவர் வேண்டும். இருநிறங்களின் விகிதத்தைக் காட்டும் உணரி இதனினுஞ் சிறந்தது. நீர் கலங்கினும் விகிதம் எளிதில் மாறாது. தட்டையான மூலக்கூறுகள் நெருங்கிக் குவிந்தால் ஒளி குன்றும் என்னும் குறைக்கும் மாற்று உண்டு: குவியக் குவிய ஒளி மிகும் பொருள்களை 2001-ஆம் ஆண்டில் ஹாங்காங்கிற் பென் ஜாங் டாங் என்பாரும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர். தண்ணீரிற் கரையாமல் திரளும் பொருள்களுக்கு அவ்வழி பெரிதும் உதவும்.

பூச்சிமருந்து இன்னுங் கடினமான பரீட்சை. 1958-ஆம் ஆண்டிற் கேரளத்திற் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குலத்து மருந்துகள் பாஸ்பரஸை உடையவை. போர்க்களத்து நச்சாவிகளும் அக்குலத்தைச் சேர்ந்தவையே. அந்நச்சாவிகள் உணரியின் கையைத் தாமே விரைந்து பற்றுமாதலின் அவற்றை அறியும் ஒளிர்பொருள்கள் நன்கு அமைந்துள்ளன. பாரத்தியானும் மாலத்தியானும் குளோர்பைரிபாஸும் அங்ஙனம் விரைந்து பற்றுவன அல்ல; பாஸ்பரஸோடு கந்தகம் பிணைந்திருத்தலால் அவை மந்தமாகத் தொழிற்பட்டு, உடலினுட் சென்று கந்தகம் நீங்கிய பின்னரே முழுநஞ்சாகின்றன. எனவே படைவீரனைக் காக்க அமைத்த உணரி நம் உழவனைக் காக்காது. அவனுக்கு வேண்டியதை அவன் நாட்டார்தாம் அமைக்கவேண்டும்.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். 'குரோமட்டோகிராபி முதலிய பெருங்கருவிகள் இருக்கின்றனவே. அவை இவ்வொளிச் சோதனையினும் திருத்தமானவையல்லவோ?' என்பர். ஆம், திருத்தமானவையே. ஆனால் அவை நகரத்துச் சாலைகளில் இருக்கின்றன; ஒரு சோதனைக்கு ஆகும் செலவும் நாளும் சிறு உழவனால் ஏலாதவை. மேலும், பூஞ்சை நஞ்சு குவியல் முழுதும் ஒருபடித்தாகப் பரவுவதன்று; ஒரு மூலையில் மிகுந்தும் மற்றொரு மூலையில் இல்லாமலும் இருக்கும். ஓரிடத்திற் பிடியளவு எடுத்துப் பெருங்கருவியால் ஒருமுறை சோதிப்பதினும், எளிய தாளொன்றால் ஐம்பது இடங்களிற் சோதித்து, ஐயமுற்றதை மட்டும் பெருங்கருவிக்கு அனுப்புதல் அறிவுடைமை. ஒளிர்தாளும் பெருங்கருவியும் பகையல்ல. முன்னது வாயிற்காவலன், பின்னது நீதிபதி.

'எளிய கருவி எல்லார் கையிலும் இருந்தால் வீண்பழி பெருகாதோ?' என்பது மற்றொரு மறுப்பு. இஃது எளிதிற் தள்ளத்தக்கதன்று. தாள் ஒன்று தவறாக ஒளிர்ந்தமையால் ஓர் ஊரின் நெல் விலைபோகாமற் கிடந்தால் அப்பழி யாரைச் சாரும்? அமைத்த இரசாயனியையே சாரும். தேர்ந்தறிதலை நாம் இத்துணை வற்புறுத்துவதும் அதுபற்றியே. ஆயினும் அளவுகோல் இல்லாமையால் வரும் கேடு இதனினும் பெரிது. 30-6-2017 அன்று தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயிற் கசிவு ஏற்பட்டபோது, ஊரார் தம் நிலத்திற்கும் நீருக்கும் அஞ்சிப் போராடினர். கச்சா எண்ணெய் புறஊதாக் கதிரில் இயல்பாகவே ஒளிர்வது. அத்தகைய வேளையில் ஊராரும் அதிகாரிகளும் ஒருங்கே நின்று காணத்தக்க நம்பிக்கையான சோதனை ஒன்று ஊர்தோறும் இருக்குமாயின், அச்சத்தின் அளவும் ஆபத்தின் அளவும் வேறுவேறாக விளங்கும். பேச்சுக்கு நிலையான ஓர் அடிப்படை அமையும். காவிரிப் படுகை 2020-ஆம் ஆண்டின் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. சட்டம் எல்லையை வகுக்கும்; எல்லைக்குள் நீர் தூயதோ என்பதை அளந்துதான் அறியவேண்டும்.

ஆகவே நம் கல்லூரிகளின் இரசாயனத் துறையார்க்குச் சிலவற்றை விண்ணப்பித்துக்கொள்கின்றோம். முதலாவது, புதிய ஒளிர்பொருள் எதனையும் வடித்த நீரிற் சோதித்ததோடு நிறுத்தாமல், மூன்று நீரிற் சோதிப்பாராக: கல்லணையில் எடுத்த ஆற்றுநீர், கடைமடை வாய்க்கால்நீர், கடற்கரைக் கிணற்றுநீர். இம்மூன்றிலும் நிற்பதே நம் நாட்டு உணரி. இரண்டாவது, எந்நீரில் எப்பொருளால் உணரி ஏமாந்தது என்பதையும் மறைக்காமல் வெளியிடுவாராக; ஒருவர் இடறிய கல்லைச் சொல்லிவைத்தால் பின்வருவார் காலுக்குக் காவலாகும். மூன்றாவது, எப்பொருளைத் தேடுவது என்பதை ஆய்வேட்டின் பட்டியலைப் பார்த்துத் துணியாமல், 1922-ஆம் ஆண்டுமுதல் ஆடுதுறையில் நெல்லாராய்ச்சி செய்துவரும் நிலையத்தாரையும், தஞ்சையில் நெற்பதன ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றி இன்று நிப்டெம் என்னும் தேசிய நிறுவனமாக விளங்கும் சாலையாரையும், களத்தில் நிற்கும் உழவரையுங் கேட்டுத் துணிவாராக. நான்காவது, சோதனைத்தாளின் உறையில் அதன் முறையும் அதன் எல்லையும் தெளிந்த தமிழில் அச்சிடப்படுவனவாக. 'ஒளிர்ந்தால் ஐயம், உறுதி செய்யப் பெருஞ்சோதனை வேண்டும்' என்னும் ஒரு வரி அதிலில்லையேல், அத்தாளைக் கொடாமல் இருத்தலே நன்று.

மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. மிகப்பெரிய கருவி இல்லாமையால் நம்மால் ஆவதொன்றுமில்லை என்று மனந்தளரவேண்டா. புறஊதா விளக்கொன்று, கைபேசியின் படக்கருவி ஒன்று, இருட்டுப்பெட்டி ஒன்று, பொறுமை மிக்க இரு கண்கள் — தொடங்குதற்கு இவை போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் நூறு பேர், மாதந்தோறும் தத்தம் ஊர் வாய்க்காலில் ஒரு புட்டி நீர் எடுத்து, நாளும் இடமும் குறித்து, கல்லூரிக்குக் கொணர்வாராயின், ஜூன் மாதம் மேட்டூர் திறந்த நாள்முதல் சம்பா அறுவடைவரை நம் நீரின் சரித்திரம் ஒன்று நம்மிடத்தே உருவாகும். நீர் எவ்வாறு இருந்தது என்பதற்குப் பதிவில்லாத நாட்டில், அது கெட்டது என்பதை மெய்ப்பிக்கவும் இயலாது. இப்பதிவே ஒளிரும் பொருளை அமைப்பார்க்குத் தக்க வழிகாட்டியாகவும் நிற்கும்.

இப்பணிக்கு வேண்டும் பொருளுதவியைப் பல தொழிலிலும் பரந்து விளங்கும் நம் பழைய மாணாக்கர் மனங்கொண்டால் அளித்தல் அரிதன்று. அவருட் பலர் இந்நெல்லுண்டு வளர்ந்தவரே. ஆசிரியர் நோக்கத்தைத் திருப்புவாராக. மாணாக்கர் நீரைக் கொணர்வாராக. வரும் ஜூன் மாதத்தில் ஆற்றில் நீர் வருமுன்னரே இதற்கான முதற்கூட்டம் நம் இரசாயனச் சாலையிற் கூடுமாக.